புதுப்பிப்பு: இரவு வியர்வையும் ஹார்மோன் சிகிச்சையும்

மாதவிடாய் நின்ற பிறகு இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கிறது, ஹார்மோன் எடுக்கலாமா என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பினாங்கிலேயே ஒரு மகளிர் மருத்துவரைப் பார்த்துவிட்டேன்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உள்ள ஜெல்லைத் தினமும் கையில் தடவுகிறேன். தோல் வழியே போவதால், மாத்திரையைவிட இரத்தம் உறையும் ஆபத்து குறைவாம். கருப்பை இருப்பதால் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் கட்டாயம். இல்லாவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரை போகலாம். புரோஜெஸ்டிரோனை இரவில் விழுங்குகிறேன். கண் தானாகச் சொக்குகிறது.

ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய், இதய நோய் ஆபத்து கூடும் என்று 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வைச் சொல்லிக் கவலைப்பட்ட அக்காமார்களே, அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. எனக்கு 52. ஆனாலும் மார்பகப் பரிசோதனையை முடித்துக்கொண்டுதான் தொடங்கினேன். நீங்களும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நேற்று விடியற்காலையில் விழித்ததும் தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.