ட்ரான்ஸம்: தமிழில் என்ன சொல்வது?

நோர்வூட்டிலிருந்து:

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

என் மச்சான் குடும்பத்துக்கென்று ஒரு படகு வாங்கப் போகிறார். பழைய பைபர் படகு, 16 அடி, அவுட்போர்ட் எஞ்சினோடு. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்தான், ஆனால் படகைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஏறி உட்காருவது. பழைய வேன் வாங்கப் போனால் நம் பக்கத்தில் கூடவே நாலு பேர் வந்து, பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்கள். படகென்றால் எங்கே தட்டிப் பார்ப்பது என்றே ஒருவருக்கும் தெரியாது. ஆகவே முதல் தடவை வாங்குகிறவர் கையில் கொண்டுபோகிற மாதிரி தமிழில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாதிச் சொற்களுக்குச் சிரமமே இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்ததே கைகொடுக்கிறது. எஞ்சினுக்குப் பரிவலு (குதிரைத்திறன்), சிலிண்டர் சோதனைக்கு அமுக்கம். பைபரின் மேலுள்ள ஜெல் பூச்சுக்குள் நீர் மெல்ல ஊடுருவி, உள்ளேயிருந்து தள்ளிக் கிளப்புகிற கொப்புளங்களுக்குப் ‘பிரசாரணக் கொப்புளம்’ என்று போட்டுவிட்டேன். தமிழ்நாட்டு அன்பர்கள் சவ்வூடுபரவல் என்பார்கள். இங்கே உயர்தரம் படித்த பிள்ளைக்குப் பிரசாரணம் போதும். (இந்தக் கொப்புளம் உப்புநீரைவிட நன்னீரில்தான் கூடுதலாக வரும். ‘கடலைக் காணாத படகு, அடி சுத்தமாக இருக்கும்’ என்று யாராவது விற்றால் கவிழ்த்துப் பாருங்கள். ஆனாலும் நாலைந்து சின்னக் கொப்புளத்துக்காக நல்ல படகை விடத் தேவையில்லை.)

நான் நிற்பது ட்ரான்ஸத்தில். படகின் பின்பக்கத்தைத் தட்டையாக மூடி நிற்கிறதே, அவுட்போர்ட் எஞ்சினைக் கவ்வி மாட்டுகிறோமே, அந்தப் பகுதி. வெளியே பார்த்தால் வெறும் பைபர். பழைய படகுகள் பெரும்பாலானவற்றில் இரண்டு பைபர் அடுக்குக்கு நடுவே பிளைவுட் வைத்து அடைத்திருப்பார்கள். 25 பரிவலு எஞ்சின் ஐம்பது கிலோவை ஒட்டி வரும். அந்தப் பாரம் ஒரு பக்கம், அது படகைத் தள்ளுகிற தள்ளல் ஒரு பக்கம், இரண்டையும் தாங்குவது இந்த ஒன்றரை இரண்டு அங்குலத் தடிப்புத்தான்.

எஞ்சின் போல்ட் துளை, தண்ணீர் வடிகிற துளை, முன்பு வைத்திருந்தவர் எதையோ மாட்ட அடித்து அப்புறம் கழற்றிய திருகாணித் துளை, இதில் ஒன்றை ஒழுங்காக அடைக்காமல் விட்டாலே ஈரம் உள்ளே போய்த் தங்கிவிடும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும். உள்ளே பலகை தேத்தண்ணீரில் தோய்த்த பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். அதை வெட்டியெடுத்துப் புதிதாகக் கட்டுகிற செலவில், மலிவென்று வாங்கின படகு மலிவாக இருக்காது.

குறிப்பில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘ட்ரான்ஸம்’ என்றே எழுதிவிடலாம், தப்பில்லை. ஆனால் படிக்கிறவர் அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் படகின் எந்தப் பக்கத்துக்கு நடக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

கண்டியிலிருந்து, ஊர் திருகோணமலை:

தம்பி, சொல் இல்லாமல் இல்லை. எங்கள் கரையில் வள்ளத்தின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் கடையார். அணியத்தில் நிற்கிறவன் கயிற்றைப் பார்ப்பான், கடையாரில் இருக்கிறவன் எஞ்சினைப் பிடிப்பான். ‘கடையார்ப் பலகை’ என்று வைத்தால் வேலை முடிந்தது. புதுச்சொல் ஆக்குகிறோம் என்று கிளம்பி, கரையில் புழங்குகிற சொல்லை எட்டிப் பார்க்காமல் விடுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. மலைநாட்டில் புரியாது என்பீர்கள். பிரசாரணத்தைப் படித்துப் பாஸ் பண்ணினவர்கள் கடையாரையும் படிக்கட்டுமே.

அப்புறம், உங்கள் குறிப்பில் சோதனையை எப்படி எழுதியிருக்கிறீர்கள் தெரியவில்லை. பெரியப்பாவோடு பழைய படகு பார்க்கப் போவேன், அவர் செய்வதைச் சொல்கிறேன். ஒரு ஐந்து ரூபாக் குத்தியை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, மேல்விளிம்பிலிருந்து கீழே தண்ணீர் வடிகிற துளை வரைக்கும் நாலு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வருவார். காய்ந்த பலகை ‘டக் டக்’ என்று பதில் சொல்லும். ஈரம் தங்கின இடத்தில் ‘தொப்’ என்று சத்தம் உள்ளேயே அமுங்கிவிடும். அங்கே சோக்கட்டியால் ஒரு வட்டம். வட்டங்கள் எஞ்சின் போல்ட்டைச் சுற்றிக் கூடினால் விலை கேட்காமலே திரும்பிவிடுவார்.

தப்பின படகுக்கு அடுத்த சோதனை. எஞ்சினைப் பாதி உயர்த்தி, அதன் காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்குகிற கீழ்ப்பகுதியை, பிடித்து மேலும் கீழும் அமுக்கச் சொல்வார். அந்த நேரம் அவர் கண் எஞ்சினில் இருக்காது. பலகை இரு பக்கமும் படகோடு சேர்கிற மூலையிலே இருக்கும். மயிரிழை அசைந்தாலும் வேண்டாம். கடைசியாக, கீழே இருக்கிற திருகாணி ஒன்றைக் கழற்றித் தரக் கேட்பார். துளையில் கறுப்புத் தண்ணீர் கசிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. கழற்ற விடாத ஆளிடம் வாங்கவும் தேவையில்லை.

பதுளையிலிருந்து:

‘கடையார்’ கேட்க அழகுதான், ஐயா. ஆனால் என் வகுப்பில் பத்துப் பிள்ளைகளிடம் காட்டினேன், எட்டுப் பேர் கடைக்காரர் என்றார்கள். ஒருத்தி ‘கடையார் வீட்டுப் பலகையா சேர்?’ என்று கேட்டாள்.

அகராதி வழியில் போவோம் என்பது என் கருத்து. ட்ரான்ஸம் என்பதன் வேர் லத்தீனில் குறுக்கே போடுகிற உத்தரத்தைக் குறிக்கும். கட்டடத்தில் கதவுக்கு மேலே வருகிற குறுக்குச்சட்டத்துக்கும் அதே பெயர்தான். ஆகவே ‘குறுக்குச்சட்டம்’. ஒரே மூலத்துக்கு ஒரே சொல் என்றால் பின்னால் குழப்பம் வராது.

நுவரெலியாவிலிருந்து:

குறுக்குச்சட்டம் என்று எழுதினால் வாங்கப் போகிறவர் நடுவில் உட்காருகிற குறுக்குப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார், சேர். படகில் குறுக்கே கிடப்பது அதுதானே. கிரெகரி வாவிப் பக்கம் படகு வேலை செய்கிற பொடியன்களோடு எனக்குப் பழக்கம், அவர்கள் வாயில் ‘எஞ்சின் பலகை’ என்றுதான் வருகிறது. அதையே வைத்தால் என்ன?

இன்னொரு விஷயம், சொல்லோடு சம்பந்தமில்லை. அந்த மச்சான் எஞ்சினைக் கடற்கரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நம்பிவிட வேண்டாம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 3 சதவீதம் வலு போகும். நுவரெலியா 1868 மீற்றர், 6000 அடிக்கு மேல். கடற்கரையில் 25 பரிவலு என்று சீறிக் காட்டின எஞ்சின் இங்கே 20ஐ ஒட்டித்தான் நிற்கும். காசல்ரீ இவ்வளவு உயரமில்லை என்றாலும் குறைச்சல் குறைச்சல்தான். பிட்ச் குறைந்த (ஒரு சுற்றுக்குக் குறைந்த தூரம் தள்ளுகிற) புரொப்பெல்லர் ஒன்றுக்கும் சேர்த்து விலை பேசச் சொல்லுங்கள்.

எத்தனை பேர் ஏறுவார்கள்? படகில் கொள்ளளவுத் தகடு இல்லாவிட்டால், நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுத்துப் பார்ப்பது ஒரு கணக்கு. 16 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் ஐந்து பேர். ஆறாவது ஆளாகக் கூடையும் பிரியாணிச் சட்டியும் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நோர்வூட்டிலிருந்து:

அண்ணன்மாருக்கும் சேருக்கும் நன்றி. மச்சான் வீட்டில் ஏழு பேர். அந்தக் கணக்கைக் காட்டினதும் 16 அடியை விட்டுவிட்டு, 18 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ளதைத் தேடத் தொடங்கிவிட்டார். அவர் மனைவிக்குத்தான் சந்தோஷம், மாமியாரைக் கரையில் விட்டுவிட்டுப் போகிற பேச்சு இனி இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். ‘எஞ்சின் பலகை’ நாக்கில் நன்றாக உட்காருகிறது. ஆனால் துடுப்பு மட்டும் போடுகிற சின்னப் படகுக்கும் ட்ரான்ஸம் உண்டு, அங்கே எஞ்சின் ஏது? அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பல படகுகளில் எஞ்சினின் கவ்வி கடிக்கிற இடத்தில் மட்டும் தனியாக ஒரு சின்ன மரத்துண்டோ தகடோ வைத்திருப்பார்கள். எஞ்சின் பலகை என்றால் அந்தத் துண்டைப் பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று சொல்லிவிடுவார்கள். அதை நேற்று வைத்திருப்பார்கள், பின்னாலிருப்பது இருபது வருடமாக நனைந்திருக்கும்.

கடையாரை நான் கைவிடவில்லை, அண்ணே. படகின் பின்பகுதி முழுவதற்கும் குறிப்பில் அதையே எழுதுகிறேன், அணியமும் இருக்கிறது. நம் பாட்டன்மார் கடல் தாண்டித்தான் இந்த மலைக்கு வந்தார்கள், ஆனால் உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்த சனம், படகுச் சொல் எதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வரவில்லை. இப்போதாவது கற்றுக்கொள்வோம். ஆனால் கடையார் ஒரு பகுதி, ட்ரான்ஸம் அந்தப் பகுதியை மூடுகிற ஒரு உறுப்பு. உறுப்புக்கு நான் ‘பின்பலகை’ என்று முன்வைக்கிறேன். புதுச்சொல் என்றே தோன்றாத அளவுக்கு எளிது.

பைபருக்குப் பலகை என்று பெயரா என்று யாராவது கேட்பார்கள். பெயர்ப்பலகை தகரத்தில் இருந்தாலும் பெயர்ப்பலகைதான், கரும்பலகை சீமெந்தில் பூசியிருந்தாலும் கரும்பலகைதான். அதோடு, உள்ளே மரம் இருக்கிறது என்பதைத்தானே வாங்குகிறவர் மறந்துவிடுகிறார்? சொல்லைப் படிக்கும்போதே அது ஞாபகம் வரட்டும். மரமே இல்லாமல் கட்டுகிற புதுப் படகுகளும் இருக்கின்றன, ஆனால் மச்சான்மார் கைக்கு எட்டுகிற விலையில் வருவது அவையல்ல.

கூட்டுச்சொல்லில் நிற்குமா என்று பார்த்தேன். ‘பின்பலகை உயரம்’ நிற்கிறது. இது குறிப்பில் அவசியம் வேண்டியது: அவுட்போர்ட் எஞ்சின் குட்டைக் காலில் 15 அங்குலப் பலகைக்கும், நீட்டுக் காலில் 20 அங்குலப் பலகைக்கும் செய்து வருகிறது. உயரமான பலகையில் குட்டைக் காலை மாட்டினால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுற்றும். மாறி மாட்டினால் தேவையில்லாத ஆழத்தில் இழுபடும், நம் நீர்த்தேக்கங்களில் அது இன்னும் மோசம். மவுஸ்ஸாக்கலையில் நீர் வற்றினால் மூழ்கின பழைய மஸ்கெலியாவின் கோவிலே வெளியே தெரிகிறது, கொஞ்சம் குறைவாக வற்றினால் அதே கல்லெல்லாம் தண்ணீருக்கு ஒரு அடி கீழே காத்திருக்கும். படகையும் எஞ்சினையும் தனித்தனியாக வாங்குகிறவர் அளவு நாடாவைக் கொண்டுபோய் மேல்விளிம்பிலிருந்து அடிவிளிம்பு வரை நடுவில் அளக்க வேண்டும்.

அடுத்தது ட்ரான்ஸம் ராட், அதாவது உள்ளே இருக்கிற மரம் ஈரத்தில் கெட்டுப்போவது. தோட்டத்தில் ‘உளுத்துப்போச்சு’ என்போம், ஆனால் உளுப்பது பூச்சி அரித்துப் பொடியாக உதிர்வது. இங்கே பூச்சி இல்லை, ஈரம். ‘இத்துப்போனது’ துணிக்கும் கயிற்றுக்கும் பொருந்துகிறது. ஈரத்தில் கிடந்து மக்கும் மரத்துக்கு நம் நாட்டில் எல்லோரும் சொல்கிற சொல் உக்கல். ஆகவே ‘பின்பலகை உக்கல்’. விற்கிறவரிடம் போனில் ‘பின்பலகை உக்கியிருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள், அகராதி திறக்காமலே பதில் வரும். பதில் உண்மையாக இருக்குமா என்பது வேறு கதை, அதற்குத்தான் ஐந்து ரூபாக் குத்தி.

மீதி ஒன்றே ஒன்று. பின்பலகையின் அடியில் இருக்கிற துளையை மூடுகிற ட்ரெய்ன் பிளக்குக்குத் ‘தக்கை’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்கு முன் எழுதுங்கள், ஞாயிறு மச்சான் நீர்கொழும்புக்குப் புறப்படுகிறார்.

பதுளையிலிருந்து:

பின்பலகைக்குச் சம்மதம். குறுக்குச்சட்டத்தைக் கதவுக்கே விட்டுவிடுகிறேன்.

கண்டியிலிருந்து, ஊர் திருகோணமலை:

பின்பலகை இருக்கட்டும், கடையாரைக் காப்பாற்றியதே போதும். ஆனால் தக்கை வேண்டாம், தம்பி. கரையில் தக்கை என்றால் வலையின் மேல்கயிற்றில் மிதக்கிறது. கையில் குறிப்போடு உங்கள் மச்சான் நீர்கொழும்பில் போய்த் ‘தக்கை எங்கே?’ என்று கேட்டால் வலைக்கடைக்கு வழி காட்டுவார்கள். ‘அடைப்பான்’ என்று போடுங்கள். வாங்கினபின் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் அதைப் பூட்டச் சொல்லியும் எழுதுங்கள்.