பஞ்செலும்பில் வேக அலையும் மெது அலையும் பிரியமாட்டேங்குது, உதவி வேணும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் எடுத்த தொடை எலும்புத் தலையிலிருந்து வெட்டிய 1 செ.மீ. பஞ்செலும்புத் (உள்ளே துளைத்துளையா இருக்கிற எலும்பு) துண்டு. தண்ணீர்த் தொட்டியில் எதிரெதிரே 500 கிலோஹெர்ட்ஸ் ட்ரான்ஸ்டியூசர் (மீயொலியை அனுப்பி வாங்கும் கருவி) ஜோடி. சென்னையில் ஆய்வகம். திரவம் நிறைஞ்ச துளைப் பொருளில் ஒலி வேகமா ஒண்ணு, மெதுவா ஒண்ணுன்னு ரெண்டு அலையாப் போகும்னு 1956-ல் இயற்பியலாளர் பியோ சொன்னார்; அந்த ரெண்டு அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆஸிலோஸ்கோப்பில் ஒரே மேடாத் தெரியுது. போன மாசத்திலிருந்து இதே கதை. அதிர்வெண் கூடக்கூட வேகம் குறையற மாதிரி வேற காட்டுது. ரெண்டும் கலந்த கோளாறுதான் அதுன்னு நினைக்கிறேன்.

மஜ்ஜையைக் கழுவி, வெற்றிடத்தில் வச்சுக் காற்றுக்குமிழ் எடுத்தாச்சு. எலும்பு இழை ஓடற திசையிலயே அலையை அனுப்பிப் பார்த்தாச்சு. 1 மெகாஹெர்ட்ஸ் போட்டா வேக அலை இரைச்சல்ல காணாமப் போயிடுது. இன்னும் தடிமனான துண்டு கிடைக்க வழியில்லை.

பேய்சியன் முறையில் (முதல்ல ஒரு வரம்பை ஊகிச்சு, அளவீட்டை வச்சு நிகழ்தகவால திருத்தற கணக்கு) இதைப் பிரிச்சவங்க, ரெண்டு அலைக்கும் தொடக்க வேக வரம்பை எவ்வளவு வச்சீங்க?