ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ்

குழு: மேலவீதி வீடு
21 அக்டோபர் 2025, செவ்வாய்

மீனா அத்தை (காலை 9:14): சுந்தர், அங்கே இப்போதுதானே தீபாவளி ராத்திரி? நிலாவின் பட்டுப்பாவாடை போட்டோ இன்னும் வரவில்லையே. மருந்து கிளறினீர்களா?

நிலா (9:20): அத்தை, போட்டோ கொஞ்ச நேரத்தில் அனுப்புகிறேன். அப்பா டிவி முன்னாலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. எங்கள் சியாட்டில் அணி மரைனர்ஸ் தோற்றுவிட்டது.

மீனா அத்தை (9:21): அந்த பேஸ்பாலா? அடடா. போன வாரம் போனில்கூட அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

நிலா (9:23): ஆமாம் அத்தை. டொராண்டோவில் ஏழாவது ஆட்டம். ஜெயித்திருந்தால் வேர்ல்ட் சீரிஸ், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடர். மொத்தம் 30 அணிகள், அதில் ஒருமுறைகூட வேர்ல்ட் சீரிஸ் ஆடாதது சியாட்டில் மட்டும்தான். 1977-லிருந்து காத்திருக்கிறோம்.

கார்த்திக் (9:25): ஸ்கோர் பார்த்தேன் சித்தப்பா. ஒன்பது இன்னிங்ஸில் ஆறு முடியும்போது 3-1 என்று நாம்தான் முன்னால் இருந்தோம். எப்படிப் போனது?

சுந்தர் சித்தப்பா (9:34): கார்த்திக், தோல்வி எனக்குப் புதிதில்லை. 1999-ல் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இந்த அணியைத்தான் பார்க்கிறேன். இன்று தோற்ற விதம்தான் தாங்கவில்லை. எங்கள் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, ஜார்ஜ் கிர்பி ஆரம்பித்தார். நான்கு இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன். அதோடு அவரை உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்து பிரையன் வூ வந்தார். இரண்டு இன்னிங்ஸ் ரன் ஏதும் கொடுக்காமல் வீசினார். ஏழாவதில் ஒரு வாக், அதாவது நான்கு பந்து தவறாகப் போனதால் பேட்டருக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸ் (ஓடிச் சேர வேண்டிய முனை). அடுத்து ஒரு ஹிட், அதாவது பந்தை அடித்து பேஸ் சேர்வது. அப்புறம் அவர்கள் ஒரு பன்ட் போட்டார்கள். அதாவது மட்டையைச் சும்மா நீட்டிப் பந்தைக் காலடியிலேயே தட்டிவிடுவது. தான் அவுட் ஆனாலும் முன்னால் நிற்கும் இரண்டு பேரும் ஒரு பேஸ் முன்னேறிவிடுவார்கள். உடனே எங்கள் மேனேஜர் டான் வில்சன் வெளியே வந்து வூவையும் எடுத்தார். எட்வர்ட் பசார்டோ வந்தார். டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த அடியில் பந்து இடதுபக்க வேலிக்கு அப்பால் போய்விட்டது, ஹோம் ரன். மூன்று ரன். 4-3. அவ்வளவுதான்.

பெரியப்பா (9:37): நன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறவனை ஏன் எடுக்க வேண்டும்? அடி வாங்கினானா?

சுந்தர் சித்தப்பா (9:48): அண்ணா, 15 வருஷமாக என் மனதில் இருக்கும் கேள்வியும் இதுதான். ஒன்பது பேட்டர்கள் வரிசையாக வருவார்கள், ஒன்பதாவது ஆள் முடிந்ததும் மறுபடி முதல் ஆள். ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டருக்கு அவர் கை பழகிவிடுகிறது, அதிகமாக அடிக்கிறார் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் மூன்றாவது சுற்று நெருங்கினாலே ஆள் மாற்றம். எவ்வளவு நன்றாக வீசினாலும் மாற்றம்.

2020 வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே அணிக்கு பிளேக் ஸ்னெல் வீசினார். 73 பந்து, 9 ஸ்டிரைக் அவுட் (மூன்று நல்ல பந்தைத் தவறவிட்டு பேட்டர் அவுட் ஆவது), வாக் ஒன்றுகூட இல்லை, 1-0 முன்னிலை. அவர் கொடுத்த இரண்டாவது ஹிட் ஒரு சாதாரண சிங்கிள், அதற்கே எடுத்துவிட்டார்கள். அதுவரை அவரிடம் திணறிய லாஸ் ஏஞ்சல்ஸ் அணி டாட்ஜர்ஸ் அதே இன்னிங்ஸில் முன்னால் போய், அன்றே கோப்பையையும் வாங்கிவிட்டது. எங்கள் அணி ஆடாத ஆட்டம்தான், ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிலா (9:52): அப்பா சொல்வதில் பாதிதான் சரி பெரியப்பா. இதே தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் கிர்பி இதே டொராண்டோவிடம் நான்கு இன்னிங்ஸில் 8 ரன் கொடுத்தார். இன்று அவரை நீட்டியிருந்து அடி வாங்கியிருந்தால், ஏன் விட்டு வைத்தீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்டிருப்பார்கள். மூன்றாவது சுற்றில் அதிகமாக அடிக்கிறார்கள் என்பது பொய்க் கணக்கு இல்லை.

சுந்தர் சித்தப்பா (9:55): கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை நிலா. கிர்பியை எடுத்ததைக்கூட ஏற்றுக்கொள்கிறேன். வூவை எடுத்துவிட்டு, அணியின் மிகச் சிறந்த கடைசி இன்னிங்ஸ் பிட்சர் ஆண்ட்ரேஸ் முனோஸைக் கூப்பிடாமல் விட்டதை ஏற்க முடியவில்லை. சீசனின் மிகப் பெரிய தருணம் ஒன்பதாவது இன்னிங்ஸில்தான் வரும் என்று யார் சொன்னது? ஏழாவதில் வந்துவிட்டதே.

நிலா (9:56): அதில் நானும் உங்கள் பக்கம்தான்.

கார்த்திக் (10:02): எனக்கு ஒன்று புரியவில்லை சித்தப்பா. டி20-யில் ஒரு பவுலருக்கு 4 ஓவர்தான் என்று விதி இருக்கிறது. பேஸ்பாலில் அப்படி விதி இல்லையே? டெஸ்ட் மாதிரி நாள் முழுக்க வீசலாம், ஆனால் வீசவிடுவதில்லை, அப்படித்தானே?

சுந்தர் சித்தப்பா (10:15): அப்படியேதான். விதி எதுவும் இல்லை, வழக்கம் மாறிவிட்டது. 1974-ல் நோலன் ரயன் என்ற ஒரே மனிதர் 26 ஆட்டங்களை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை தானே வீசி முடித்தார். 2024-ல் 30 அணிகளின் எல்லா பிட்சர்களும் சேர்ந்து அப்படி முடித்த ஆட்டங்கள் 28.

ரயன் மாதிரி எல்லோரும் வீச வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது எல்லோர் உடம்புக்கும் ஆகாது. ஆனால் ஐந்து இன்னிங்ஸ்தான் என்று தெரிந்த பிட்சர் என்ன செய்வான்? மிச்சம் வைக்க அவசியம் இல்லை, ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு போடுவான். 2008-ல் சராசரி வேகப்பந்து மணிக்கு சுமார் 91 மைல், இப்போது சுமார் 94. கேட்டால் மூன்று மைல்தான். ஆனால் முழங்கையின் உள்பக்கத் தசைநார் அந்த மூன்று மைலைத் தாங்குவதில்லை. அது கிழிந்தால் உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு நாண் எடுத்து வைத்துக் கட்டுகிறார்கள். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்தார், இன்றுவரை அவர் பெயரிலேயே அந்த ஆபரேஷனைச் சொல்கிறார்கள். திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். பிட்சர் ஜேகப் டிகிராம் இரண்டு முறை செய்துகொண்டார். டாட்ஜர்ஸின் ஓட்டானியும் இரண்டு முறை முழங்கை ஆபரேஷன் பார்த்தவர்.

ஆள் உடைகிறான், அதனால் குறைவாக வீசவைக்கிறார்கள். குறைவாக வீசுவதால் இன்னும் வேகமாக வீசுகிறான். வேகமாக வீசுவதால் மறுபடி உடைகிறான். இந்தச் சுழலை யாராவது ஒரு இடத்தில் வெட்ட வேண்டும்.

கார்த்திக் (10:21): இது எனக்கு நன்றாகவே புரிகிறது. காலேஜில் முதுகு எலும்பில் விரிசல் விட்டபோது பிசியோ இதையேதான் சொன்னார். நாள் முழுக்க வீசுகிற பவுலர் வேகத்தை ஏற்றி இறக்கி வீசக் கற்றுக்கொள்கிறான். 4 ஓவர் பவுலருக்கு அந்தப் பழக்கமே வருவதில்லை. நான் அதைத் தெரிந்துகொண்டபோது எட்டு மாதம் படுத்தாயிற்று.

மீனா அத்தை (10:24): அந்த எட்டு மாதத்தை ஞாபகப்படுத்தாதே கண்ணா. உன் அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பெரியப்பா (10:26): சுந்தர், இந்த ஆட்டம் ரொம்ப இழுக்கும், பார்க்கவே முடியாது என்று முன்பு நீயே சொல்லியிருக்கிறாய். இன்னும் அப்படித்தானா?

சுந்தர் சித்தப்பா (10:39): இல்லை அண்ணா. அதை அருமையாகச் சரி செய்துவிட்டார்கள், மனதாரச் சொல்கிறேன். 2023-ல் மைதானத்தில் ஒரு கடிகாரம் வைத்தார்கள். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் பிட்சர் வீச ஆரம்பிக்க வேண்டும், ஆள் இருந்தால் அப்போது 20, இப்போது 18. பேட்டரும் கையுறையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. 2022-ல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்துக்குச் சராசரி 3 மணி 4 நிமிஷம். அடுத்த வருஷமே 2 மணி 40 நிமிஷம். ஆட்டத்தில் ஒரு பந்துகூடக் குறையவில்லை, சும்மா நின்ற நேரம்தான் போனது. பழைய ரசிகர்கள் பலர் கடிகாரமே இல்லாத ஆட்டத்தில் கடிகாரமா என்று எதிர்த்தார்கள். நான் முதல் வாரமே மாறிவிட்டேன். வேலை நாளில் நிலாவை ஆட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒன்பதரைக்குள் வீடு திரும்ப முடிகிறது.

அதோடு பேஸை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். பிட்சர் சும்மா சும்மா திரும்பி முதல் பேஸுக்கு எறிந்து ஓட்டக்காரனைக் கட்டிப்போடுவதற்கும் வரம்பு வைத்தார்கள். உடனே ஓட்டம் திரும்பி வந்துவிட்டது. பிட்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதைத் திருட்டு என்பார்கள். 2022-ல் 2,486 பேஸ் திருட்டு, 2023-ல் 3,503.

நிலா (10:43): ஜாஷ் நெய்லர் பற்றிச் சொல்லுங்கள் அப்பா!

சுந்தர் சித்தப்பா (10:50): சொல்கிறேன். எங்கள் முதல் பேஸ் ஆட்டக்காரர். கனமான உடம்பு, லீகிலேயே மெதுவாக ஓடுபவர்களில் ஒருவர். இந்த சீசனில் அவர் 30 பேஸ் திருடினார். கால் வேகமே இல்லை, எல்லாம் கண்தான். பிட்சரின் தோள், முழங்கால், கடிகாரத்தில் எத்தனை விநாடி மிச்சம் என்று படித்துக்கொண்டே நிற்பார். பிட்சர் கிளம்பும் முன் மனதளவில் அவர் கிளம்பியிருப்பார். இந்தக் கால பேஸ்பாலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். விதியைச் சரியாக மாற்றினால் மனிதனின் புத்திக்கு இடம் கிடைக்கிறது.

பேட்டிங்கில்தான் மனம் ஒட்டவில்லை. பந்தை உயர அடி, ஹோம் ரன் போகட்டும், இல்லையென்றால் ஸ்டிரைக் அவுட் ஆகு, பரவாயில்லை என்கிறார்கள். 2018-ல் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு சீசனில் ஹிட்களைவிட ஸ்டிரைக் அவுட்கள் அதிகமாயின. எங்கள் கால் ராலி இந்த வருஷம் 60 ஹோம் ரன் அடித்தார், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) ஒருவர் அதற்குமுன் அவ்வளவு அடித்ததே இல்லை, ஒவ்வொன்றுக்கும் கத்தினேன். இருந்தாலும் என் கண்ணில் நிற்பது 2004-ல் எங்கள் அணிக்கு 262 ஹிட் அடித்த இச்சிரோதான். அவர் பந்தைத் தொட்டாலே களத்தில் ஒன்பது பேரும் ஓட வேண்டியிருக்கும்.

நிலா (10:56): எதிரில் நிற்கிறவர் 98 மைலில் போட்டு, அடுத்த பந்தைத் திசை திருப்பினால் இச்சிரோவுக்கும் கஷ்டம்தான் அப்பா. எங்கள் ஸ்கூல் சாஃப்ட்பாலில்கூட வேகத்தைக் கையில் வைத்திருக்கும் பெண்ணிடம் ஹிட் கிடைப்பது அபூர்வம். பேட்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் பிட்சர் பிரச்சினை தீர்ந்தால் இதுவும் தானாகத் தீரும்.

சுந்தர் சித்தப்பா (10:58): இதை நான் யோசிக்கவில்லை. சரிதான் கண்ணு. களைத்த பிட்சரை அடிக்கும் வாய்ப்பே இன்று பேட்டருக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு இன்னிங்ஸும் புதுக் கை.

கார்த்திக் (11:01): அப்போது என்ன செய்யலாம் சித்தப்பா? உங்களிடம் அதிகாரம் இருந்தால்?

சுந்தர் சித்தப்பா (11:12): இரண்டு விஷயம். ஒரு அணியில் 26 பேர், அதில் 13 பிட்சர் வரை வைத்துக்கொள்ளலாம். அதை 11 ஆக்குவேன். புல்பென்னில், அதாவது மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தில், வரிசையாக ஆள் இல்லாவிட்டால் ஆரம்பிக்கும் பிட்சரை ஆறு ஏழு இன்னிங்ஸ் நம்பித்தான் ஆக வேண்டும். அவரும் மூன்றாவது சுற்றுக்கு ஒரு பந்தை ஒளித்துவைக்கப் பழகுவார்.

இரண்டாவது, பிட்சருக்குப் பதிலாக ஒருவர் பேட்டிங் மட்டும் செய்கிறாரே, ஆரம்ப பிட்சரை எடுத்தால் அவரையும் இழக்க வேண்டும் என்று வைக்கலாம். இதை 2021-ல் அட்லாண்டிக் லீக் என்ற சிறிய லீகில் நடத்திப் பார்த்தார்கள். மேனேஜர் எழுந்து வரும் முன் இரண்டு முறை யோசிப்பார்.

நிலா (11:15): 11 பிட்சர் என்றால் முதல் வருஷம் நிறைய முழங்கை போகும். படிப்படியாக, வருஷத்துக்கு ஒருவராகக் குறைத்தால் ஒப்புக்கொள்கிறேன்.

சுந்தர் சித்தப்பா (11:16): சரி, அப்படியே.

பெரியப்பா (11:20): இப்போது ஒருத்தனாவது முழுசாக வீசுகிறானா?

சுந்தர் சித்தப்பா (11:31): வீசினார் அண்ணா, ஒரு வாரம்தான் ஆகிறது. டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ, ஜப்பானிலிருந்து வந்தவர். மில்வாக்கியில் முதல் பேட்டரே ஹோம் ரன் அடித்தார். அதற்குப் பிறகு ஒன்பது இன்னிங்ஸும் அவரே, 111 பந்து, மொத்தமே 3 ஹிட், 5-1 வெற்றி. பிளே ஆஃப்பில் ஒருவர் முழு ஆட்டமும் வீசுவது 2017-ல் ஜஸ்டின் வெர்லாண்டருக்குப் பிறகு இப்போதுதான். அந்த முதல் அடியைத் தாங்கிக்கொண்டு, அதே பேட்டரை மூன்றாவது முறை, நான்காவது முறை எதிர்கொண்டாரே, அந்தக் கதைக்காகத்தான் நான் டிவி முன்னால் உட்காருகிறேன்.

2012 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பகல் ஆட்டத்துக்கு ஆபீஸில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். எங்கள் ஃபெலிக்ஸ் எர்னாண்டஸ் 27 பேட்டர்களையும் வரிசையாக அவுட்டாக்கினார். ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. 1-0. எட்டாவது இன்னிங்ஸிலிருந்து யாரும் உட்காரவில்லை, பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று கணக்குப் பார்த்து அவரை ஆறாவதில் எடுத்திருந்தால் எங்களுக்கு ஒரு சாதாரண வெற்றிதான் மிஞ்சியிருக்கும்.

மீனா அத்தை (11:35): சுந்தர், இவ்வளவு ஆசையாக நீ எழுதி ரொம்ப நாள் ஆகிவிட்டது. சாப்பிட்டாயா?

சுந்தர் சித்தப்பா (11:36): இப்போது சாப்பிடுகிறேன் அக்கா.

பெரியப்பா (11:41): அந்த ஜப்பான்காரன் அடுத்து எப்போது வீசுவான்? இங்கே டிவியில் வருமா?

நிலா (11:44): வேர்ல்ட் சீரிஸ் உங்களுக்குச் சனிக்கிழமை விடியற்காலை ஆரம்பம் பெரியப்பா. டொராண்டோவுக்கும் டாட்ஜர்ஸுக்கும். எங்கே பார்க்கலாம் என்று கார்த்திக் அண்ணா பார்த்துச் சொல்வார்.

கார்த்திக் (11:45): சொல்கிறேன். நானே வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து உங்கள் வீட்டில் படுத்துக்கொள்கிறேன் பெரியப்பா.

பெரியப்பா (11:47): வா. நான் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவேன்.

நிலா (11:52): அத்தை, போட்டோ அனுப்பிவிட்டேன். பாவாடைக்கு மேலே மரைனர்ஸ் ஜெர்சி போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.