இலையை அரைத்தால் போதுமா?

உப்பளத்தான்:
காரங்காட்டு அலையாத்தி மரமான வெண்கண்டல் எந்த மரபணுக்களால் உப்பை வெளியே தள்ளுகிறது என்று அறிய, இலையை மொத்தமாக அரைத்து ஆர்.என்.ஏ. (வேலை செய்யும் மரபணுக்களின் நகல்) பார்த்தாலே போதுமாம், செல் செல்லாகப் பார்ப்பது காசு பிடித்த வேலையாம். நேற்று ஒரு மேதாவி இங்கே எழுதியது. வெயில் நேரத்தில் அந்த இலையைத் தடவி விரலை நக்கிப் பார்த்திருக்கிறாரா? உப்பு கரிக்கும். அதை வெளியே தள்ளுவது இலை முழுதும் இல்லை, மேல்தோலில் அங்கங்கே இருக்கும் சுரப்பிகள். மொத்தமாக அரைத்தால் சந்தைக் கூச்சலில் கிசுகிசுத்த கதைதான்.

தொண்டிக்காரி:
அந்த மேதாவி நான்தான் அண்ணே. பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா? செல்லைத் தனியாகப் பிரிக்க நொதி ஊற்றிச் சுவரைக் கரைக்க வேண்டும். கரைக்கும்போதே செல் பதறி, காயம்பட்டால் முடுக்கும் மரபணுக்களை எல்லாம் முடுக்கிவிடும். நீங்கள் அளப்பது உப்பையா, பதற்றத்தையா?

உப்பளத்தான்:
ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடியான அரபிடாப்சிஸின் வேரில் 2019-லேயே ஆயிரக்கணக்கான செல்களை இப்படித்தான் பிரித்தார்கள். பதறும் மரபணுக்கள் எவை என்று தனியே பார்த்துக் கழித்துவிடலாம். இது பழைய சங்கதி.

தொண்டிக்காரி:
அது ஆய்வகத் தட்டில் முளைத்த இளவேர். இது சேற்றில் நிற்கும் மரத்தின் தடித்த இலை, அடிப்புறம் முழுக்க வெளுத்த நுண்மயிர். இதைக் கரைக்க எத்தனை மணி நேரம்? அதைச் சொல்லுங்கள்.

பாம்பன் பையன்:
எதற்குக் கரைக்கணும்? இலையை உறையவைத்து நறுக்கி, உட்கருவை மட்டும் பிரித்தால் நொதியே வேண்டாமே.

தொண்டிக்காரி:
உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருக்கும் ஆர்.என்.ஏ.வை யார் எண்ணுவது தம்பி, உங்கள் மாமாவா? நான் கேட்டது நேரம்.

உப்பளத்தான்:
போன மழைக்காலத்தில் கடற்புல்லைப் பாசி என்று சாதித்தவர் இதே அம்மணிதான். கடற்புல் பூக்கும் தாவரம் என்று சொன்னதற்கு என்னை வசைபாடினார். மறந்திருப்பார்.

தொண்டிக்காரி:
மறக்கவில்லை. நீங்கள் பாசி வளர்ப்புக்கு வக்காலத்து வாங்கியதும் ஞாபகம் இருக்கிறது. நேரம் என்ன?

மண்டபத்துக் கிழவன்:
பாசி வளர்ப்பை ஏன் இழுக்கிறீர்கள்? எங்கள் வீட்டுப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்க்கும் வேலை அது. நாங்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி பவளத்தின் மேல் படர்கிறது என்று இங்கே உட்கார்ந்து எழுதுவது சுலபம்.

பாம்பன் பையன்:
தாத்தா, பக்கத்துக் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்ததுதானே!

மண்டபத்துக் கிழவன்:
நீ முங்கிப் பார்த்தாயா?

உப்பளத்தான்:
சுரப்பியைப் பற்றிப் பேச வந்தோம்.

தொண்டிக்காரி:
நான் இன்னும் அதில்தான் நிற்கிறேன். எத்தனை மணி நேரம் அண்ணே?