கோரைமுடியை வளர்த்துக்கொண்டே அலை அலையாக ஆக்குவது: உங்கள் அனுபவம் என்ன?

வேளச்சேரி வாணி

எனக்குச் சுத்தமான கோரைமுடி. காலையில் போட்ட ரப்பர் பேண்ட் மதியத்துக்குள் நழுவி நுனிக்கு வந்துவிடும். இடுப்பு வரை வளர்க்க ஆசை, விசேஷ நாளில் விரித்துவிட்டால் அலை அலையாக விழவும் ஆசை. இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஆனால் சூட்டுக் கருவியைத் தொடக்கூடாது என்பதில் நான் கறார்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக, வருடத்துக்கு ஏறக்குறைய அரை அடி வளர்கிறது. அப்படிப் பார்த்தால் இடுப்பைத் தொடுகிற நுனி ஐந்தாறு வருடப் பழசு. எத்தனை வெயில், எத்தனை போர் தண்ணீர், எத்தனை சீப்பு பார்த்த நுனி அது! அதைக் கொண்டுபோய் 200 டிகிரி கர்லிங் அயர்னில் சுற்றினால் வெடிக்காமல் என்ன செய்யும்? வெடித்ததை வெட்டிவிட்டால் அந்த வருடம் வளர்ந்ததும் அதோடு போச்சு. அதிலும் ஈரமுடியில் சூடு வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து, முடித் தண்டுக்குள்ளேயே குமிழி விடும். அந்த இடத்தில் முடி ஒடியும்.

சூடு இல்லாமல் எப்படி என்று கேட்டால், நம் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த வழிதான். பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை பின்னி, ரிப்பனால் மடித்துக் கட்டிக்கொண்டு போனோமே, சாயங்காலம் அவிழ்த்தால் எவ்வளவு அழகாக நெளிந்திருக்கும்! முடி நனைந்தால், அதன் வடிவத்தை உள்ளே பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்கிற மெல்லிய கட்டுகள் விட்டுப்போகும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் திரும்பப் பிடித்துக்கொள்ளும். தலைக்குக் குளித்த பிறகு வரும் ஈரம் இருக்கிறதே, அதுதான் நமக்குச் சூட்டுக்கோல்.

ஈர அளவில்தான் சூட்சுமம். சொட்டச் சொட்டப் பின்னினால் காலையில் சடையின் நடுப்பகுதி ஜில்லென்றே இருக்கும், அவிழ்த்த அரை மணியில் பழையபடி நேராகிவிடும். தலையில் ஒரு புழுங்கின வாடை வேறு. முக்கால்வாசிக்கு மேல் காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதம்தான் சரி.

சடையில் ஒரு குறை உண்டு. ரப்பர் பேண்டுக்குக் கீழே தொங்கும் குஞ்சம் நேராகவே நிற்கும். அதனால் நான் இப்போது வேட்டித் துணிக்கு மாறிவிட்டேன். அப்பாவின் பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் கிழித்து வைத்திருக்கிறேன். ஒரு கொத்து முடியை எடுத்து, நுனியை வேட்டித் துண்டின் நடுவில் வைத்து, நுனியிலிருந்தே மேல் நோக்கிச் சுருட்டிக்கொண்டு வந்து, காதுக்குப் பக்கம் வந்ததும் துணியின் இரண்டு முனைகளையும் முடிச்சுப் போடுவேன். தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பருத்தி ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், படுத்தாலும் உறுத்தாது. காலையில் அவிழ்க்கும்போது முடியை இழுக்காமல், முடிச்சை மட்டும் விடுவித்துச் சுருள் தானாகப் பிரியும்படி விட வேண்டும். சீப்பு கூடாது, விரல்தான்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒன்று: கடற்காற்றில் சுருள் நிற்காது. காற்றிலுள்ள ஈரமே பிணைப்புகளைத் தளர்த்திவிடும். நீள முடியின் கனமும் சேர்ந்து கீழே இழுக்கும். ஆகவே தேவையானதைவிட ஒரு மடங்கு இறுக்கமான சுருளாக வைத்துக்கொண்டால், மண்டபம் போய்ச் சேரும்போது சரியான அலையாகத் தளர்ந்திருக்கும்.

மலர், திருச்சி

வாணி அக்கா சொன்ன பதம் ரொம்பச் சரி. நான் பெர்ம், அதாவது மருந்து போட்டு நிலையாகச் சுருட்டிவிடுவது, செய்துகொண்டவள்; அதைப் பற்றிச் சொல்கிறேன்.

பார்லரில் முதலில் கேட்ட கேள்வியே, "இதுக்கு முன்னாடி ஸ்மூத்தனிங் பண்ணியிருக்கீங்களா?" என்பதுதான். மருந்து போட்டு முடியை நேராக்குவதுதான் ஸ்மூத்தனிங். நான் செய்ததில்லை. கூட வந்த என் சித்தி மகள் செய்திருந்தாள். அவளுக்குப் பெர்ம் போட முடியாது என்று பார்லர் அக்கா முகத்துக்கு நேரே மறுத்துவிட்டார். ஏற்கெனவே மருந்து உடைத்துச் சேர்த்த முடியை மறுபடி உடைத்தால் கையோடு வந்துவிடும் என்றார். வருமானம் போனாலும் பரவாயில்லை என்று சொன்ன அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

பெர்ம் தண்ணீர் விளையாட்டு இல்லை. தயோகிளைகோலேட் என்கிற மருந்து தண்ணீருக்கு அசையாத, முடியின் கந்தகப் பிணைப்புகளையே பிரிக்கும்; சுருட்டுகிற ராடில் சுற்றியபடியே ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி மறுபடி சேர்ப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கார்ல் நெஸ்லர் என்கிற முடி அலங்காரக் கலைஞர் பெர்மை முதலில் செய்து காட்டியபோது சுடவைத்த பித்தளைக் குழாய்களைத் தலையில் மாட்டி மணிக்கணக்கில் உட்கார வைத்தாராம். எனக்குச் செய்ததில் சூடு இல்லை, நாற்றம் மட்டும் உண்டு.

சுருள் அருமையாக வந்தது. ஆனால் வேரிலிருந்து வருவது கோரைமுடிதான், அதை எந்த மருந்தும் மாற்றாது. ஒரு வருடம் வளர்ந்தபோது மேலே அரை அடி நேர், கீழே சுருள். தோள்வரை முடி வைப்பவர்கள் வெட்டி வெட்டிச் சமாளிக்கலாம். நீளமாக வளர்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அபி_நாகர்கோவில்

நான் ஆளிவிதை ஜெல் போடுகிறேன். கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் பிடிக்கும் வரை கொதிக்கவிட்டு, சூடாக இருக்கும்போதே வடிகட்ட வேண்டும். ஆறினால் வடிகட்டியை விட்டு இறங்கவே இறங்காது. பிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். சுற்றுவதற்கு முன் கொஞ்சம் தடவினால் சுருள் கூடுதல் நேரம் நிற்கிறது.

ஒரு சந்தேகம் அக்கா. எங்கள் வீட்டில் எண்ணெய் வைக்காமல் வெளியே விட மாட்டார்கள். எண்ணெய் வைத்தால் அலை படிந்துவிடுகிறது. என்ன செய்ய?

வேளச்சேரி வாணி

அபி, எண்ணெயை விடவே விடாதே, நேரத்தை மட்டும் மாற்றும்மா. குளிப்பதற்கு முந்தின இரவே தேங்காய் எண்ணெய் வைத்துவிடு. அது முடிக்குள்ளே இறங்கி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தக் குணம் இல்லை என்று கண்டார்கள். வளர்க்கிற முடிக்கு இதைவிடப் பெரிய காவல் கிடையாது. நன்றாக அலசி, உலர்த்தி, பிறகு சுருட்டு. அலை வைத்த அன்று நுனிக்கு மட்டும் இரண்டு சொட்டு போதும், அம்மாவும் சமாதானம் ஆகிவிடுவார்.

மலர், உன் சித்தி மகளிடம் வேட்டித் துணி முறையைச் சொல். ஸ்மூத்தனிங் செய்த முடிக்கும் இதனால் கெடுதல் இல்லை. ஒன்று மட்டும், நெற்றியோரத்தில் இழுத்துக் கட்ட வேண்டாம். தினமும் இழுபட்டால் அங்கே முடி மெலிந்து மேலேறிவிடும். காதுக்குக் கீழிருந்து சுருட்டினாலே நீள முடிக்குப் போதும்.