ஓசி சாஃப்ட்வேரில் அடித்ததற்குக் காசு வாங்கலாமா?

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்:

வணக்கம். தண்டையார்பேட்டையில் பத்துக்குப் பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெரிய மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின். ஆதார் நகல், பயோடேட்டா, வாடகை ஒப்பந்தம், மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை எல்லாம் வரும். நிச்சய வருமானம் என்றால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். ராத்திரி பதினோரு மணிக்கு ஷட்டரைத் தட்டி, செல்போனில் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவைக் காட்டி, "இதுல எங்க மாமா மூஞ்சிய மட்டும் எடுத்துப் போடுணா, காலையில எடுக்குறதுக்குள்ள ஒட்டணும்" என்பார்கள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மக்கர் பண்ணியது. மறைப்பானேன், பல வருஷமாக என் கடையில் எல்லாமே கிராக்தான். விண்டோஸ், போட்டோ எடிட்டிங், தமிழ் எழுத்துரு, எதற்குமே நான் காசு கொடுத்ததில்லை. ஒருவர் சிடி கொண்டுவந்து போட்டுக் கொடுப்பார், அப்புறம் பென் டிரைவ் கொண்டுவந்தார், டீக்குக் காசு கொடுத்தால் போதும். போன வருஷம் அவர் போட்ட ஏதோ ஒரு ஆக்டிவேட்டருக்குப் பிறகு, பிரவுசரைத் திறந்தாலே சீட்டாட்ட விளம்பரம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடையின் இமெயிலில் இருந்து என் வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஏதோ லிங்க் போயிருக்கிறது. பக்கத்துத் தெரு ஸ்கூல் டீச்சர் நேரில் வந்து, "நீங்கதான் எனக்குப் பரிசு விழுந்திருக்குன்னு அனுப்பினீங்களா?" என்று கேட்டார். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

என் அக்கா மகன் காலேஜ் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டையும் துடைத்துவிட்டு, "மின்ட் போட்டுட்டேன் மாமா" என்றான். நம்ம பக்கம் மின்ட் என்றால் தங்கசாலை பஸ் ஸ்டாண்டுதானே? மின்ட்டுக்கு இவன் எதற்குப் போனான் என்று நினைத்தேன். லினக்ஸ் மின்ட்டாம், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுவது. டைப் அடிக்க லிப்ரே ஆபீஸ், போட்டோ வேலைக்கு ஜிம்ப், டிசைன் வரைய இங்க்ஸ்கேப் எல்லாம் சேர்த்துப் போட்டிருக்கிறான். இரண்டு மாதமாக அதில்தான் வேலை.

இப்போது என் சந்தேகங்கள். முதலாவது, காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவர் பில் புக் அடிக்க வருவார். அக்கா மகன் எல்லாம் இலவசம் என்று அவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து, "ஓசி சாஃப்ட்வேர்லதான அடிக்கிற, அப்புறம் இன்னாத்துக்கு டிசைன் காசு?" என்கிறார். விளையாட்டாகத்தான் கேட்கிறார், ஆனால் எனக்கு உறுத்துகிறது. நிஜமாகவே கடையில் வைத்துச் சம்பாதிக்கலாமா, இல்லை வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தானா? நாளைக்கு யாராவது நோட்டீஸ் அனுப்புவார்களா?

இரண்டாவது, இதே சாஃப்ட்வேர்களைப் பென் டிரைவில் போட்டு பக்கத்து ஸ்டுடியோவுக்கு ஒருவர் 500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். "வேற கடைக்குக் காப்பி போட்டுத் தரக் கூடாது, ஒரு மெஷினுக்குத்தான் லைசென்ஸ்" என்று வேறு சொன்னாராம். இது ஏமாற்று வேலையா?

மூன்றாவது, செல்போன். இதே 'ஃப்ரீ' என்று நம்பி ஒரு ஸ்கேன் ஆப் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து லோன் அழைப்பு வருகிறது. கடை போர்டில் இருக்கும் நம்பர், மாற்ற முடியாது. எடுக்காமலும் இருக்க முடியாது, சாவு வீட்டுக்காரர்களும் புது நம்பரில் இருந்துதான் அழைப்பார்கள்.

—

பெரம்பூர் லோகோ:

அண்ணே, மின்ட் படித்துவிட்டுச் சிரித்தேன். முதல் சந்தேகத்துக்குக் கவலையே வேண்டாம். தாராளமாகக் காசு வாங்குங்கள்.

'ஃப்ரீ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இலவசம், சுதந்திரம் என்று இரண்டு அர்த்தம் இருப்பதால் வந்த குழப்பம் இது. தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. விலை இல்லாதது இலவசம். நீங்கள் போட்டிருப்பது கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் ஓட்டலாம், திருத்தலாம், காப்பி போட்டுக் கொடுக்கலாம். ஓசி என்பது இன்னொன்று, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தபால்தலை ஒட்டாமல் 'ஓ.சி.' என்று குறித்துப் போன கடிதங்களில் இருந்து வந்த சொல் என்பார்கள். உங்கள் கடையில் முன்பு இருந்தது ஓசி, இப்போது இருப்பது கட்டற்றது.

இது ஆரம்பித்ததே ஒரு பிரிண்டரில்தான், அதனால் உங்களுக்குப் பிடிக்கும். 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அடிக்கடி பேப்பர் சிக்கும். வேறொரு மாடியில் உட்கார்ந்து பிரிண்ட் கொடுத்துவிட்டு, போய்ப் பார்த்தால் பாதியில் நிற்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் அங்கே வேலை பார்த்தவர். பழைய பிரிண்டரில், பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் தகவல் வரும்படி நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதில் அதைச் செய்ய முடியவில்லை. மூல நிரலை, அதாவது திருத்துவதற்கு வேண்டிய புரோகிராம் எழுத்தை, கம்பெனி தரவில்லை. அது வைத்திருந்த வேறு பல்கலைக்கழகத்துக்காரரிடம் கேட்டபோது, யாருக்கும் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் கோபம் உள்ளே கிடந்து, 1983-இல் கட்டற்ற மென்பொருளை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். 1989-இல் அதற்கான ஜிபிஎல் உரிமம், அதாவது மென்பொருளைப் பயன்படுத்தவும் பகிரவும் உள்ள விதிமுறை, வந்தது. உங்கள் லினக்ஸின் மையப் பகுதியும் ஜிம்ப்பும் அந்த உரிமத்தில்தான் இருக்கின்றன.

ஜிபிஎல்லில் உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஓட்டுவதற்கு எந்தத் தடையும் கிடையாது. கடையில் ஓட்டலாம், கோயிலில் ஓட்டலாம். அதில் நீங்கள் அடிக்கும் போஸ்டரும் பில் புக்கும் உங்களுடையது, உரிமம் அந்தப் பக்கமே வராது. நிபந்தனையெல்லாம் மென்பொருளை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான் ஆரம்பிக்கும். ஏலக்காரரிடம் சொல்லுங்கள், கடலும் ஓசிதான், அவர் மீனை ஓசியாகவா கொடுக்கிறார்?

பென் டிரைவ் ஆள் விஷயத்தில் பாதி சரி, பாதி தப்பு. 500 என்ன, 5,000 ரூபாய்க்குக்கூட விற்கலாம், உரிமமே அனுமதிக்கிறது. ஆனால் ஜிபிஎல் மென்பொருளை விற்றால் மூல நிரலையும் தர வேண்டும், அல்லது கேட்டால் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்து 3 வருஷத்துக்காவது செல்ல வேண்டும். 'வேறு யாருக்கும் காப்பி போடக் கூடாது' என்று சொன்னார் பாருங்கள், அதுதான் சுத்தத் தப்பு. வாங்கினவருக்குக் காப்பி போட்டுக் கொடுக்கும் உரிமையை யாரும் பிடுங்க முடியாது. லிப்ரே ஆபீஸ் ஜிபிஎல் இல்லை, மொசில்லா உரிமம். அங்கேயும் மூல நிரல் எங்கே கிடைக்கும் என்று சொல்லியாக வேண்டும்.

—

ராயபுரம் ஆப்செட்:

எல்லாம் சரி பாஸ், கதை நல்லா இருக்கு. நான் பிரஸ் வைத்திருக்கிறவன், கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஆப்செட்டுக்குப் போகும் வேலைக்கு நாலு கலர் பிரிக்க வேண்டும், சிஎம்ஒய்கே. ஜிம்ப்பில் நேரடியாக அந்த முறையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. 2025-இல் வந்த 3.0 பதிப்பில் ஏற்றுமதி எல்லாம் மேம்பட்டிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் திரையில் மாம்பழ மஞ்சளாக இருந்தது தாளில் மஞ்சக்காமாலையாக வந்தால் கட்சிக்காரன் என் சட்டையைத்தான் பிடிப்பான், ஸ்டால்மன் சட்டையை இல்லை. பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது என்பார்கள். 1.4 பதிப்புக் காலத்தில் அதில் தமிழ் அடித்துப் பார்த்திருக்கிறேன், கொம்பு ஒரு பக்கம் போகும், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். 1.6-இல் அது சரியாகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய தலைவலி எழுத்துரு. உங்கள் பழைய ஃபைல் எல்லாம், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையில் இல்லாமல், பழைய முறையில் இருக்கும். புது கம்ப்யூட்டரில் திறந்தால் 'கண்ணீர் அஞ்சலி' இருக்கும் இடத்தில் பூச்சி பூச்சியாகத் தெரியும். யூனிகோடைத் தமிழ்நாடு அரசே 2010-இல் தரமாக அறிவித்தது, பிரஸ் லைனில் பாதிப் பேர் இன்னும் மாறவில்லை, நானும்தான். எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். நோட்டோ, லோகித் என்ற எழுத்துருக்கள் இரண்டும் ஓஎஃப்எல் என்ற கட்டற்ற எழுத்துரு உரிமம். அதில் அச்சடித்து விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. கிராக் விண்டோஸை எடுத்துவிட்டு கிராக் எழுத்துருவை மட்டும் பென் டிரைவில் வைத்திருந்தால், குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போட்ட மாதிரி.

என் யோசனை, ஒரு கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவன் கோரல் டிரா ஃபைலோடுதான் வருவான்.

—

காலடிப்பேட்டை அக்கா:

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. தம்பி, நான் டெலிகாலிங்கில் ஆறு வருஷம் இருந்தவள். அந்தப் பக்கம் உட்கார்ந்து திட்டு வாங்கியவள் சொல்கிறேன், கேளுங்கள்.

விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் எண் 1909, அதற்கு அழைத்தால் முழுக்கத் தடுக்கலாம், அல்லது வங்கி-கடன், ரியல் எஸ்டேட், கல்வி என்று வகை பார்த்தும் தடுக்கலாம். உங்களுக்குக் கடன் வகையை மட்டும் தடுத்தாலே பாதி குறையும். வங்கியின் ஓடிபி, கேஸ் புக்கிங் எதுவும் நிற்காது. சாவு வீட்டு அழைப்பும் நிற்காது, தனி மனிதர் அழைப்பை அது தொடவே தொடாது.

ஆனால் அது பதிவு செய்த கம்பெனிகளைத்தான் கட்டுப்படுத்தும். அவர்கள் 140-இல் தொடங்கும் எண்ணில் இருந்து அழைக்க வேண்டும். உங்களுக்கு வருவது சாதாரணப் பத்து இலக்க எண்ணாகத்தான் இருக்கும், ஒருத்தி பத்து சிம் வைத்து அழைப்பாள், நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் புகார் கொடுக்க நீங்கள் முன்பே பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, 2025-இல் விதியை மாற்றிவிட்டார்கள். அழைப்பு வந்த 7 நாளுக்குள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி ஆப்பிலோ 1909-லோ சொல்லலாம், முன்பு 3 நாள்தான். எஸ்எம்எஸ் வந்தால் அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. சாதாரணச் செல் நம்பரில் இருந்து 'உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும்' என்று வந்தால் தொடவே வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

அந்த ஸ்கேன் ஆப்பை எடுத்துவிட்டீர்களா? ஸ்கேன் பண்ணுகிற ஆப்புக்குத் தொடர்பு எண்கள் எதற்கு, எஸ்எம்எஸ் எதற்கு? 'அனுமதி' பட்டனை அமுக்கியது நாம்தான். இனிமேல் போட்டால் எஃப்-டிராய்டு என்ற ஆப் தளத்தில் தேடுங்கள், அங்கே இருப்பதெல்லாம் கட்டற்றது. ஒரு ஆப் உங்களைப் பின்தொடர்ந்தால் அதன் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

—

வியாசர்பாடி கேரம்:

ஏலக்காரர் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், செட்டிங்ஸில் சட்டத் தகவல் என்று இருக்கும், திறந்து காட்டுங்கள். பக்கம் பக்கமாக உரிமம் ஓடும், அடியில் இருப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். எங்க அம்மா டிவியிலும் இருக்கிறது. 'ஓசி' போனில்தான் அவர் ஏலத்தொகையை ஜிபே பண்ணுகிறார்.

வீட்டு வைஃபை பெட்டியும் அப்படித்தான். 2003-இல் லிங்சிஸ் கம்பெனியின் ஒரு ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆட்கள் கண்டுபிடித்து, ஜிபிஎல்லைக் காட்டி மூல நிரலை வெளியே வாங்கினார்கள். ரவுட்டருக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருள் அதில் இருந்து முளைத்ததுதான். அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் வந்ததே, மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனமான சி-டாக், நம்ம சென்னையில் செய்தது. எங்கள் தெருவில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் உட்பட.

—

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. ஆப்செட்காரர் சொன்னது சுட்டது, பென் டிரைவில் பழைய எழுத்துரு அப்படியே இருக்கிறது. நேற்று ராத்திரி உட்கார்ந்து 'கண்ணீர் அஞ்சலி', 'இதய அஞ்சலி', 'மறைவு', 'தோற்றம்' நாலையும் லோகித்தில் மறுபடி அடித்து வைத்தேன். கொஞ்சம் மெலிசாகத் தெரிகிறது, தடிமன் கூட்டிக்கொண்டேன். எனக்கு வருவது கருப்பு வெள்ளைதான் அதிகம், நாலு கலர் வேலையை உங்கள் மாதிரி பிரஸ்ஸுக்கே தள்ளிவிடுகிறேன்.

அக்கா, ஆப்பை எடுத்துவிட்டேன், கடன் வகையைத் தடுத்துவிட்டேன். இன்று நாலு அழைப்பு, நாலையும் புகார் செய்தேன். ஐந்தாவதையும் அதே எரிச்சலில், "லோன் வேணாம்மா" என்று கத்திவிட்டு வைத்தேன். பத்து நிமிஷத்தில் ஸ்கூல் டீச்சர் நேரில் வந்து நிற்கிறார், அழைத்தது அவர்தானாம்.

ஏலக்காரரிடம் கடல் ஓசி கதையைச் சொன்னேன். "டீசல் யாரு உங்கொப்பனா போடுறான்?" என்று கேட்டுவிட்டு, முழுக் காசும் வைத்துவிட்டுப் போனார்.

ஒன்று மட்டும் பாக்கி. பெரிய மெஷினில் பிரிண்ட் அழகாக வருகிறது, ஸ்கேன் மட்டும் லினக்ஸில் வரவே இல்லை. கம்பெனியில் கேட்டால் விண்டோஸுக்கு மட்டும்தான் டிரைவர் என்கிறார்கள். அந்த அமெரிக்காக்காரர் கோபம் இப்போது எனக்கே புரிகிறது.

—

பெரம்பூர் லோகோ:

மாடல் நம்பரைப் போடுங்கள் அண்ணே. மெஷினுக்குப் பின்னால் ஸ்டிக்கரில் இருக்கும்.