குப்யான்ஸ்க் பெயர்த்தூண்: ஊருக்குள்ளா, வெளியிலா? (2025 டிசம்பர் இறுதித் திரி)

களநிலவரம் கண்ணன்
நேற்று போக்ரோவ்ஸ்க் பற்றிய திரியில், ரஷ்யா பிடித்துவிட்டதாக அறிவித்த கிழக்கு உக்ரைன் ஊரான குப்யான்ஸ்க் பற்றி எல்லைக்கோடு என்கிற நண்பர் ஒரு குண்டைப் போட்டார். "குப்யான்ஸ்க் முழுக்க உக்ரைன் கையில். ரஷ்யா சொன்னது பச்சைப் பொய். ஜெலென்ஸ்கியே ஊருக்குள் போய் நின்று காட்டிவிட்டார்." இதற்கு ஏகப்பட்ட பேர் கைதட்டல் வேறு. அங்கே பதில் எழுதினால் நெறியாளர் திரி மாறுகிறது என்பார், அதனால் தனியாகவே தொடங்குகிறேன்.

ஜெலென்ஸ்கி டிசம்பர் 12 அன்று வெளியிட்ட வீடியோவில் நிற்பது எங்கே? ஊர்ப்பெயர் எழுதிய தூணுக்கு முன்னால். அது ஊரின் தென்மேற்கு நுழைவாயிலில், சுஹுயிவிலிருந்து வரும் சாலையோரம் இருக்கிறது. அதாவது ஊருக்குள் இல்லை. நான்கு வருடமாகப் போரைப் பார்க்கிறவருக்கு இது தெரியவில்லையா, தெரிந்தே பூசி மெழுகுகிறாரா?

எல்லைக்கோடு
வணக்கம் கண்ணன் சார். என் பெயரில் திரி திறந்ததற்கு நன்றி. நான் எழுதியது "பெரும்பகுதி". "முழுக்க" என்பது உங்கள் கைச்சரக்கு.

நவம்பர் 20 அன்று புதின் ராணுவ உடையில் மேற்குப் படைத்தொகுதியின் கட்டளையகத்துக்குப் போனார். அங்கே ரஷ்ய ராணுவத் தலைமைத் தளபதி கெராசிமொவ், குப்யான்ஸ்க் விடுவிக்கப்பட்டுவிட்டது என்று நேருக்கு நேர் அறிக்கை கொடுத்தார். ஒரு மாதம் கூட ஆகவில்லை, விடுவிக்கப்பட்ட ஊரின் வாசலில் எதிரி நாட்டு அதிபர் போனைக் கையில் பிடித்துப் பேசிவிட்டுப் போகிறார். இதற்குப் பதில் சொல்லுங்கள். தூணைப் பிறகு அளக்கலாம்.

களநிலவரம் கண்ணன்
"பெரும்பகுதி"யா? ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன் தம்பி.

வாசல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வாசல் வீடு ஆகாது. டிசம்பர் 19 ஆண்டு இறுதிப் பேட்டியில் புதினும் இதையே கேட்டார். அந்தத் தூண் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வாசலில் ஏன் நிற்கிறாய், உள்ளே போ என்றார். உள்ளே போனாரா? போகவில்லை. விஷயம் முடிந்தது.

வித்யா சா.
ஐயா, அந்த ஒரு கிலோமீட்டர் கணக்கு யாருக்குப் பாதகம் என்று யோசித்தீர்களா? இன்றைக்கு கேமராவைப் பார்த்து ஓட்டுகிற எஃப்பிவி ட்ரோன் சாதாரணமாகவே பதினைந்து, இருபது கிலோமீட்டர் போகிறது. ஃபைபர் ஒயரோடு பறப்பதை ஜாமர் வைத்தும் நிறுத்த முடியாது. ஊர் முழுக்க ரஷ்யா கையில் இருந்தால் அதன் விளிம்பிலிருந்து ஒரு கிலோமீட்டரில் எலி கூட நடமாட முடியாது. அங்கே ஜெலென்ஸ்கி வந்து பேசிவிட்டு உயிரோடு திரும்புகிறார் என்றால் உள்ளே இருப்பது யார்?

சும்மா வந்தவன்
ஸ்டுடியோவில் கிரீன் மேட் வைத்து எடுத்த படமாக இருக்குமோ 🙂

வித்யா சா.
நீங்கள் சும்மாவே இருங்கள்.

களநிலவரம் கண்ணன்
வித்யா அவர்களே, திறமையாகப் பேசுகிறீர்கள். ஆனால் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தூண் ஊருக்குள் இருக்கிறதா, இல்லையா? ட்ரோன், ஜாமர், எலி எல்லாம் எதற்கு?

தஞ்சை பாலு
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "பிடித்தது" என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளலாமே? ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு கட்டடத்தில் கொடி விரித்து ட்ரோனில் படம் எடுத்தால் பிடித்த மாதிரி. உக்ரைன் தரப்பு டீப்ஸ்டேட் தளத்தின் போர்க்கள வரைபடத்தில் அதே இடம் நிலை தெரியாத சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒரு தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இரண்டு சிப்பாய்கள் பதுங்கியிருக்கிறார்கள், எந்தப் பக்கத்து ஆள் என்றே தெரியவில்லை என்றால் அந்தத் தெரு யாருடையது? இதை முடிவு செய்யாமல் தூணை வைத்துச் சண்டை போட்டு என்ன பயன்?

எல்லைக்கோடு
பாலு அண்ணே, அதெல்லாம் சரி. ஆனால் கண்ணன் சார் "முழுக்க" என்று பொய்யாக மேற்கோள் காட்டியதற்கு முதலில் பதில் வரட்டும்.

களநிலவரம் கண்ணன்
பொய்யா? யாரைப் பார்த்து? 2023 மே மாதம் ஜெலென்ஸ்கி ஹிரோஷிமாவில் ஜி7 கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பக்முத் எங்கள் இதயங்களில் மட்டும்தான் இருக்கிறது என்றாரே, அப்போது இதே எல்லைக்கோடு "நகரம் விழவில்லை, தென்மேற்கு முனையில் விமானச் சின்னத்தின் பக்கம் நாங்கள் இருக்கிறோம்" என்று எழுதவில்லையா? அன்றைக்கு விமானச் சின்னம். இன்றைக்குத் தூண். நகரம் போகும்போதெல்லாம் ஒரு சின்னத்தைப் பிடித்துத் தொங்குவது உங்கள் வழக்கம்.

எல்லைக்கோடு
அது உக்ரைன் பாதுகாப்புத் துணை அமைச்சர் மாலியர் சொன்னது. நான் செய்தியைப் பகிர்ந்தேன், அவ்வளவுதான்.

பழைய கணக்கை எடுப்பதென்றால் எடுக்கலாம். 2022 அக்டோபரில் "கெர்சோனை ரஷ்யா விடவே விடாது, அது அரசியல் சட்டப்படி ரஷ்ய மண்" என்று எழுதியது யார்? நவம்பர் 9 அன்று அப்போதைய ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் ஷோய்கு பின்வாங்கச் சொன்னார். 11ஆம் தேதி உக்ரைன் படை உள்ளே போனது. அன்றிலிருந்து கொஞ்ச நாள் நீங்கள் இந்தப் பக்கமே வரவில்லை. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

களநிலவரம் கண்ணன்
எனக்கு வேலை இருந்தது. 2023 கோடையில் "டோக்மாக், மெலிதோபோல், அப்புறம் நேராக அஸோவ் கடல்" என்று அம்புக்குறி போட்டுப் படம் வரைந்த மகான் யார்? ராபோத்தினே என்கிற சின்ன கிராமத்தைத் தாண்ட முடிந்ததா? அதற்கு நீங்கள் எத்தனை நாள் காணாமல் போனீர்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. எனக்கு அவ்வளவு சின்னப் புத்தி கிடையாது.

மருத்துவர் செந்தில்
நண்பர்களே, நான் கார்கிவில் மருத்துவம் படித்தவன். 2022 பிப்ரவரி கடைசியில் மெட்ரோ நிலையத்தில் படுத்து, பிறகு ரயிலில் மேற்கே போய் எல்லை தாண்டி ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் வரைபடத்தில் விரலை வைத்துப் பேசுகிற ஊர்களில் ஜனங்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள்.

களநிலவரம் கண்ணன்
மருத்துவர் வந்துவிட்டார், நல்லது. நேரில் பார்த்தவர் ஒருவர் கிடைத்தார். நீங்களே சொல்லுங்கள் டாக்டர், அந்தத் தூண் ஊருக்குள்ளா, வெளியிலா?

மருத்துவர் செந்தில்
நான் குப்யான்ஸ்க் போனதே இல்லை. கார்கிவிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல்.

களநிலவரம் கண்ணன்
பார்த்தீர்களா, கார்கிவில் வருடக்கணக்கில் இருந்தவரே உள்ளே என்று சொல்லவில்லை.

வித்யா சா.
அவர் வெளியே என்றும் சொல்லவில்லை!! போனதே இல்லை என்கிறார்!!

எல்லைக்கோடு
தூணை விடுங்கள். வடக்குப் பக்கம் பாருங்கள். செப்டம்பரில் ரஷ்யர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? ஒஸ்கில் ஆற்றுக்கு அடியில் போகிற எரிவாயுக் குழாய் வழியாக. கிழக்குக் கரையில் லிமான் பெர்ஷி பக்கம் நுழைந்து மேற்கே ராத்கிவ்கா அருகே வெளியே வந்தார்கள். டீப்ஸ்டேட் சொன்னபடி, சக்கரம் வைத்த படுக்கையில் மல்லாந்து தள்ளிக்கொண்டும் மின்சார ஸ்கூட்டரிலும் அந்தப் பயணமே நாலு நாள். வெளியே வந்தவர்கள் வீடு வீடாகப் பதுங்கி ஊருக்குள் இறங்கினார்கள். டிசம்பரில் உக்ரைனின் ஹார்த்தியா படையினர் கிந்த்ராஷிவ்காவையும் ராத்கிவ்காவையும் திரும்ப எடுத்து ஆற்றங்கரை வரை வந்துவிட்டதாக அறிவித்தார்கள். குழாயின் வாய் அடைபட்டால் உள்ளே இருப்பவனுக்குச் சோறும் இல்லை, தோட்டாவும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, ரஷ்யப் போர்ப் பதிவர்களே புலம்புகிறார்கள்.

களநிலவரம் கண்ணன்
பெரிய கதை. குழாய்க்குள் நாலு நாள் படுத்துப் போகிற சிப்பாயை நீங்கள் கிண்டல் செய்கிறீர்கள், எனக்கு அதில் தைரியம் தெரிகிறது. 2025 மார்ச்சில் இதே மாதிரி குழாய் வழியாகப் போய்த்தான், உக்ரைன் பிடித்து வைத்திருந்த ரஷ்ய ஊரான சுட்ஜாவில் பின்னால் முளைத்தார்கள். அப்போதும் "குழாய்க்குள்ளேயே செத்தார்கள்" என்று சிரித்தீர்கள். மார்ச் 13 சுட்ஜா யார் கையில் வந்தது? சிரித்தவர்கள் எங்கே போனார்கள்?

தூண் ஊருக்கு வெளியே. இன்னும் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

திருப்பூர் மணி
நீங்கள் இரண்டு பேரும் தூணைக் கட்டிக்கொண்டு அழுங்கள். ரஷ்ய எண்ணெய் வாங்கினோம் என்று 2025 ஆகஸ்ட் 27லிருந்து இன்னொரு 25 சேர்த்து மொத்தம் 50 சதவீத வரி போட்டார்கள். எங்கள் ஊரில் அமெரிக்க ஆர்டர் எடுக்கிறவனுக்குத்தான் இந்தப் போரின் அருமை தெரியும்.

களநிலவரம் கண்ணன்
மணி, வரி போட்டது அமெரிக்கா. அவர்களிடம் போய்க் கேளுங்கள். ரஷ்யா மலிவாகத்தானே எண்ணெய் கொடுத்தது?

திருப்பூர் மணி
மலிவா? பங்க்கில் லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைந்ததா அண்ணா? மலிவு யார் பைக்குப் போனது? எங்கள் யூனிட்டில் ஆட்களை வாரத்தில் பாதி நாள்தான் கூப்பிடுகிறோம்.

சும்மா வந்தவன்
மணி அண்ணா சொல்வதுதான் கள நிலவரம். கண்ணன் சார் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

களநிலவரம் கண்ணன்
முகமில்லாத ஐடிகளுக்குப் பதில் சொல்வதில்லை.

வித்யா சா.
உங்கள் முகப்படம் ஒரு டி-90 டாங்கி, ஐயா.

நெறியாளர்
எண்ணெய் விலைக்கும் வரிக்கும் தனித் திரி இருக்கிறது, அங்கே போகவும். தனிநபர் தாக்குதல் வேண்டாம். கண்ணன், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் பதிவிடுவதும் விதிமீறல்தான்.

களநிலவரம் கண்ணன்
நெறியாளர் எந்தப் பக்கம் என்பது 2023லேயே தெரிந்துவிட்டது. பதில் வந்தால் நான் ஏன் திரும்பக் கேட்கப் போகிறேன்?

எல்லைக்கோடு
சரி, பதிலுக்குப் பதில். பொய் அறிக்கை கொடுப்பது ரஷ்யத் தளபதிகளுக்குப் புதிதா? 2024 நவம்பரில் தெற்குப் படைத்தொகுதித் தளபதி அனாஷ்கின் பதவி ஏன் போனது? ஸிவெர்ஸ்க் பக்கம் பிடிக்காத கிராமங்களைப் பிடித்ததாக மேலே எழுதி அனுப்பினார்கள் என்று உங்கள் பதிவர்களே எழுதினார்கள். வரைபடத்தைச் சரிக்கட்ட ஆட்களை அனுப்பிச் சாகடித்தார்கள். குப்யான்ஸ்க் அதன் இரண்டாம் பாகம்.

களநிலவரம் கண்ணன்
ஆஹா, ஸிவெர்ஸ்க்! நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அனாஷ்கின் வழக்கமான பணிமாற்றத்தில் போனார் என்றும் செய்தி வந்தது, அது கிடக்கட்டும். இன்றைக்கு ஸிவெர்ஸ்க் யார் கையில்? டிசம்பர் 23 உக்ரைன் ராணுவமே பின்வாங்கியதாக அறிவித்தது. ஒரு வருடம் முந்திச் சொன்னார்கள், அவ்வளவுதான். மரியுபோலையும் அப்படித்தான் 2022 ஏப்ரல் 21 அன்று விடுவித்ததாகச் சொன்னார்கள். அஸோவ்ஸ்தால் ஆலைக்குள் ஆள் இருந்தார்கள். மே மாதம் கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவில்லையா? ரஷ்யா சொன்னால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். நடக்காமல் போகாது.

வித்யா சா.
"கொஞ்சம் முன்னே பின்னே"! அப்படியென்றால் நவம்பர் 20 அன்று பிடிக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

களநிலவரம் கண்ணன்
அப்படி எங்கே சொன்னேன்? வரி எண்ணைக் காட்டுங்கள்.

தஞ்சை பாலு
நான் கேட்டது இதைத்தான். அறிவிக்கிற தேதி ஒன்று, கடைசிச் சிப்பாய் வெளியேறுகிற தேதி ஒன்று, எதிராளி ஒப்புக்கொள்கிற தேதி ஒன்று. பக்முத் பக்கத்து ஊரான சோலெதாரைப் பிடித்ததாக ரஷ்ய அமைச்சகம் 2023 ஜனவரி 13 அறிவித்தது, உக்ரைன் 25ஆம் தேதிதான் ஒப்புக்கொண்டது. எந்தத் தேதியை வைத்துப் பேசுகிறோம்?

எல்லைக்கோடு
பாலு அண்ணே, நீங்கள் நடுநிலை என்று ஆரம்பித்து எப்போதும் அவருக்கு ஏணி வைத்துக் கொடுக்கிறீர்கள்.

தஞ்சை பாலு
நானா? சரி, நான் வரவில்லை. நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

களநிலவரம் கண்ணன்
நியாயமாகப் பேசின ஒரே மனிதரையும் விரட்டிவிட்டார்கள். இதுதான் இவர்கள் ஜனநாயகம். அக்டோபர் கடைசியில் புதின், சண்டையை நிறுத்துகிறேன், உக்ரைன் செய்தியாளர்களையும் சேர்த்துக் கூட்டி வாருங்கள், குப்யான்ஸ்கையும் போக்ரோவ்ஸ்கையும் காட்டுகிறேன் என்றார். யாராவது போனார்களா? உண்மை தெரிந்துவிடும் என்று பயம்.

வித்யா சா.
அவர் சுற்றி வளைத்துவிட்டேன் என்று சொன்னது அக்டோபரில். பிடித்துவிட்டேன் என்றது நவம்பரில். டிசம்பரில் அந்த ஊர் வாசலில் ஜெலென்ஸ்கி. இந்த மூன்றையும் வரிசையாக வைத்து ஒரு தடவை படியுங்கள் ஐயா, வேறொன்றும் வேண்டாம்.

களநிலவரம் கண்ணன்
வாசல். வாசல். வாசல். நீங்களே எத்தனை தடவை சொல்கிறீர்கள் பாருங்கள்.

இருக்கட்டும், குப்யான்ஸ்க் பற்றி நீங்கள் வாய் ஓயாமல் பேசுவது ஏன் என்று எனக்குத் தெரியும். தெற்கே ஹுலியாய்போலே போய்க்கொண்டிருக்கிறது. அராஜகவாதத் தலைவர் மக்னோ பிறந்த ஊர். அங்கே உக்ரைன் பட்டாலியன் கட்டளையகத்துக்குள் ரஷ்யச் சிப்பாய்கள் நடந்து போய் லேப்டாப்பையும் வரைபடத்தையும் காட்டுகிற வீடியோ வந்திருக்கிறது. அதைப் பற்றி எல்லைக்கோடு ஒரு வரி எழுதினாரா?

எல்லைக்கோடு
எழுதினேன். பிராந்தியப் பாதுகாப்புப் பிரிவு ஆட்கள் இடத்தை விட்டுவிட்டுப் போனது வெட்கக்கேடு என்று டிசம்பர் 26ஆம் தேதியே எழுதினேன். நீங்கள் என்னை பிளாக் செய்து வைத்திருந்தால் எப்படித் தெரியும்? ஆனால் கட்டளையகம் போனால் ஊர் போனதாக அர்த்தமா? ரஷ்யா அறிவித்ததை உக்ரைன் மறுக்கிறது, சண்டை நடக்கிறது.

களநிலவரம் கண்ணன்
நான் யாரையும் பிளாக் செய்ததில்லை, என்னைத்தான் நீங்கள் செய்தீர்கள். அப்புறம் கேட்கிறேன், கட்டளையகம் எங்கே இருந்தது? ஊரின் நடுவில். தூண் மாதிரி வெளியே இல்லை. நடுவில்!

எல்லைக்கோடு
நடுவில் என்று யார் சொன்னது? ஆயத்தொலைவு கொடுங்கள்.

களநிலவரம் கண்ணன்
கொடுக்கிறேன். தனித் திரி திறக்கிறேன், அங்கே வாருங்கள்.